வாப்பா குடித்துத் தீர்த்த பொடி

அன்பு வாப்பாவுக்கு, உங்கள் மகளின் சலாம்.

இந்த நடுராத்திரியில் எழுதுகிறேனே என்று கோபப்படாதீர்கள். பிள்ளை இப்போதுதான் கண்ணயர்ந்தாள். மும்பை சீத்தா கேம்ப்பில் இந்த ஒற்றை அறையில் அவள் தூங்கினால்தான் எனக்குக் கை ஒழியும். நீங்கள் பார்க்காமலே போன பேத்திக்குப் பல் முளைத்துவிட்டது, கீழே இரண்டு.

எழுத வந்தது உடம்பு இளைக்க என்று விற்ற அந்த மூலிகைப் பொடியைப் பற்றி.

பி.காம். படித்துவிட்டு, வயிற்றில் பிள்ளையோடு வேலைக்குப் போக முடியாமல் நான்தான் அந்தப் பொடி விற்கும் குழுவில் சேர்ந்தேன். மாதம் நான்கு டப்பா சொந்தக் காசில் வாங்காவிட்டால் குழுவிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். விற்காததையெல்லாம் தாராவிக்குக் கொண்டுவரச் சொல்லி நீங்களே வாங்கிக்கொண்டீர்கள். வீணாகக் கூடாதென்று, ஒரு நாளைக்கு ஒரு கரண்டி போதும் என்றிருந்ததை மூன்று வேளையும் இரண்டிரண்டாகக் கரைத்துக் குடித்தீர்கள். நீங்கள் வேலை பார்த்த தோல்பைப் பட்டறையில் பெருமை வேறு: "எம்மவ கம்பெனி பொடி. குடிச்சுப் பாருல, ஒன் தொந்தி ஊரவிட்டே ஓடிரும்."

கால் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். சுகர் மாத்திரையை மட்டும் சொன்னீர்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். பொடியைச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. உங்களுக்குத் தோன்றியதா வாப்பா? எனக்குக் கெட்ட பெயர் வருமென்று மறைத்தீர்களா?

நீங்கள் மௌத்தான பிறகு டப்பாவை அதே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சுகர் ஏற்கெனவே கிட்னியைப் பாதித்திருக்கும், இவ்வளவு பொடியும் சேர்ந்து கெடுத்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். உறுதியாகச் சொல்லியிருந்தால் அழுது முடித்திருப்பேன்.

இப்போது என் மாமியார். நான் குழுவிலிருந்து விலகி, மிச்ச டப்பாக்களைக் குப்பையில் போட எடுத்தபோது பிடுங்கி வைத்துக்கொண்டார். தினமும் மூன்று கரண்டி. நேற்று செருப்பைக் கழற்றினார், வீங்கிய காலில் வார் பதிந்த தடம் வெகுநேரம் மறையவில்லை.

"வேண்டாம் மாமி, கிட்னிக்கு ஆகாது" என்றேன்.

"பச்செலதான புள்ள, என்ன செஞ்சிரும்? ஒங்க வாப்பா குடிக்கலியா? அவரு சுகர்லதான போனாரு?"

நீங்கள் சுகரில் போனதாகத்தான் உங்கள் மருமகனும் நினைத்திருக்கிறார். மாமியைத் தடுக்க வேண்டுமானால் உங்களைக் கெடுத்தது நான் கொடுத்த பொடியாகவும் இருக்கலாம் என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் இதே அறையில்தான் எல்லாரும் படுக்க வேண்டும். எங்கே போவேன்?

ஆனாலும் வாக்குக் கொடுக்கிறேன் வாப்பா. விடிந்ததும் மாமியையும் டப்பாவையும் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். அன்று உங்கள் டாக்டரிடம் சொல்லாமல் விட்டதை, உங்கள் மருமகனை வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

செம்பூர், வடாலா என்று எத்தனையோ வீடுகளில் விற்றிருக்கிறேன். பாதிப் பேரின் நம்பர் என்னிடம் இல்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுவதை எல்லாரும் படிக்கும்படி முகநூலில் எழுதுகிறேன். என்னிடம் பொடி வாங்கியவர்களே, தினமும் எத்தனை கரண்டி குடிக்கிறீர்கள்? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

உங்கள் மகள்,
ஆபிதா