பத்திரிகை அடிக்காத கல்யாணமும் ஒரு விசாவும்

எங்க வீட்டு ஜீப்புக்காரர், என் மாமாவுக்கு,

நல்லா இருக்கீங்களா? ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டில் எதிரே வருகிறவர் யாரென்று தெரியாவிட்டாலும் நீங்க இப்படிக் கேட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பீங்க. நானும் அப்படியே ஆரம்பிக்கிறேன்.

சேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மாமா. எனக்கு இங்கிலாந்தில் நர்ஸ் வேலை கிடைத்துவிட்டது. விசாவும் வந்தாச்சு. எனக்கு மட்டும் இல்லை, உங்க பிள்ளைக்கும் உங்க பேத்தி கயலுக்கும் சேர்த்து வந்திருக்கிறது. அடுத்த மாதம் கிளம்புகிறோம். நாலு பேர் படிக்கிற இடத்தில் இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நீங்க நாலு பேர் பக்கத்தில் இல்லாமல் எந்த நல்ல சேதியையும் கேட்டவர் இல்லையே.

அந்த நாலு பேருக்கு உங்களைத் தெரிந்திருக்காது. ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் வரைக்கும் மலைப்பாதையில் ஷேர் ஜீப் ஓட்டினவர் என் மாமனார். நான் நர்சிங் முடித்த கையோடு அவர் வீட்டுக்கு மருமகளாக வந்தேன். கல்யாணமாகி வந்த பொண்ணை யாராவது வேலூருக்கு வேலைக்கு அனுப்புவாங்களா என்று ஊரில் நிறையப் பேர் கேட்டார்கள். "ஊசி போடக் கத்துக்கினு வந்திருக்குது. வூட்ல உக்காந்து ஆட்டுக்கா போடும்?" என்று நீங்க திருப்பிக் கேட்டீங்க. திங்கட்கிழமை விடியும்போது என்னை ஆலங்காயத்தில் பஸ் ஏற்றிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் அதே இடத்தில் ஜீப்போடு நிற்பீங்க. நான் வந்து சேரும்வரைக்கும் முன்சீட்டை யாருக்கும் கொடுக்க மாட்டீங்க. நர்சம்மா வருது, தள்ளி உக்காருங்க என்று எத்தனை பேரை எழுப்பி விட்டிருப்பீங்க?

போன வருஷம் தை மாதம் நீங்க போனதற்கு அப்புறம் அந்தச் சனிக்கிழமைகளில் உங்க பிள்ளை ஜீப்போடு வந்து நின்றார். அவரும் நல்லாத்தான் ஓட்டுகிறார். ஆனால் உங்களை மாதிரி வழியெல்லாம் பேச அவருக்கு வராது.

ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக வெளிநாட்டுக்குக் கிளம்பினார்கள். நானும் எழுதிப் பார்த்தேன். இங்கிலீஷ் பரீட்சை முதல் தடவை கையை விட்டுப் போனது, மறுதடவை பாஸ். அப்புறம் கம்ப்யூட்டரில் இன்டர்வியூ. ஆளெடுத்து அனுப்புகிற கம்பெனியில் ஒரு பொண்ணு என் சாதிச் சான்றிதழில் எங்க மலைச் சாதியின் பேர் மலையாளி என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, "மலையாளியா? கேரளாவுல எந்த ஊரு சேச்சி?" என்று கேட்டது. நாங்க மலைவாசிங்கம்மா, ஜவ்வாது மலை, எங்களுக்குத் தமிழ்தான் தெரியும் என்றேன். நம்பவே இல்லை. நர்ஸ், அதிலும் மலையாளி என்றால் கேரளாவாகத்தான் இருக்க வேண்டுமாம். நீங்க கேட்டிருந்தால் இதை ஒரு மாதத்துக்கு ஜீப்பில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருப்பீங்க.

வேலை கிடைத்ததும் விசாவுக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தோம். அங்கே வேலைக்குப் போகிறவள் நான். அதனால் உங்க பிள்ளையை "என்னைச் சார்ந்தவர்" என்று காட்ட வேண்டும். எப்படிச் சொல்வது என்று தயங்கித்தான் சொன்னேன். அவர் சிரித்தார். "போடு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அதானே நடக்குது."

அத்தை சிரிக்கவில்லை.

"பொண்டாட்டி வேலைக்குப் போவா, இவன் பின்னாலயே பொட்டி தூக்கிக்கினு போவானா?" என்று அடுப்பைப் பார்த்துக் கேட்டாங்க. "நெலத்த யாரு பாக்குறது? சாமைய யாரு அறுக்குறது? புளிய யாரு உலுக்குறது?" அத்தைக்குக் கோபம் வந்தால் அடுப்போடுதான் பேசுவாங்க என்று உங்களுக்குத் தெரியும். நான் பக்கத்தில் நின்றேன். "இன்னாத்துக்கு அவ்ளோ தூரம்?" என்று கடைசியில் கேட்டபோது குரல் இறங்கிவிட்டது. கயல் படிக்கட்டும் என்றேன், நானும் இன்னும் கொஞ்சம் கத்துக்கிறேன் என்றேன். அத்தை சம்மதம் என்று சொல்லவில்லை.

இதற்கு நடுவில்தான் நீங்க வைத்துவிட்டுப் போன வம்பு தலை தூக்கியது.

கணவரையும் பிள்ளையையும் கூட்டிப் போக வேண்டுமானால் திருமணப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். நாங்க பதிவே செய்யவில்லை. நம்ம மலையில் யார் செய்கிறார்கள்? சரி, இப்போது செய்துவிடலாம் என்று மலைக்குக் கீழே இருக்கிற பதிவு அலுவலகத்துக்கு அத்தையையும் கூட்டிக்கொண்டு போனோம். அங்கிருந்த எழுத்தர் தன்மையான மனுஷன். "கல்யாணப் பத்திரிகை ஒண்ணு குடுங்க" என்றார்.

நானும் உங்க பிள்ளையும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

ஞாபகம் இருக்கா மாமா? பத்திரிகை அடிக்கலாம் என்று என் அப்பா சொன்னபோது நீங்க ஒத்துக்கொள்ளவே இல்லை. "காகிதத்த நீட்டிட்டு வந்தா அது இன்னா அழைப்பு? நான் நேர்ல போய்க் கூப்புட்றேன்" என்று ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிட்டீங்க. மலை மேலே இருக்கிற ஊர் ஒன்று விடாமல் போய், வாசலில் ஹார்ன் அடித்து, எல்லாரும் வெளியே வந்ததும் வண்டியில் இருந்தபடியே, "எங்க வூட்டுக் கல்யாணம், எல்லாரும் வந்துடுங்க" என்று கூப்பிட்டீங்க. ஜீப்பில் ஏறினவர்களையும் விடவில்லை. டீசல் அடிக்கப் போன இடத்தில் இருந்தவரைக்கூடக் கூப்பிட்டீங்க. வந்த கூட்டத்துக்கு இலை போதாமல் ஆளை விட்டு மறுபடி தேக்கிலை பறித்து வந்தார்கள்.

கல்யாணம் கோயிலில் நடந்திருந்தாலாவது ரசீது இருக்கும். அதுவும் வீட்டு வாசலில்தான். செல்போனில் எடுத்த போட்டோவைக் காட்டினோம். எழுத்தர் பார்த்துவிட்டு, "போட்டோ மட்டும் பத்தாதுங்க. கல்யாணம் நடந்ததுக்கு ஆதாரம் ஒண்ணும் இல்லியே. வி.ஏ.ஓ. கிட்ட எழுதி வாங்குங்க, கல்யாணத்துக்கு வந்திருந்தவங்களச் சாட்சிக்குக் கூட்டிக்கினு வாங்க, பாக்கலாம்" என்றார். அவர் முறைப்படித்தான் சொன்னார். ஆனால் அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது.

ஜீப்பில் திரும்பினோம். மலை ஏறுகிற வளைவில் அத்தை திடீரென்று, "எம் புள்ள கல்யாணம் நடக்கலையாமா?" என்று கேட்டாங்க. எங்களைக் கேட்டாங்களா, உங்களைக் கேட்டாங்களா என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் சேரச் சொன்ன தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. நீ முதல்ல போ, நாங்க பின்னால வர்றோம் என்றார் உங்க பிள்ளை. கயலை விட்டுவிட்டு நான் போக மாட்டேன் என்றேன். கிடைச்ச வேலைய விட்டுட்டு அப்புறம் என்னைச் சொல்லாதே என்று அவரும் முறுக்கிக்கொண்டார். அன்று முழுக்க இரண்டு பேரும் கயல் மூலமாகத்தான் பேசிக்கொண்டோம். "அப்பா, அம்மா சாப்பிடக் கூப்பிடுறாங்க." "அம்மா, அப்பாவுக்குப் பசிக்கலையாம்." கயலுக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது.

அந்த வாரம் அத்தை காலையில் கிளம்பினால் சாயங்காலம்தான் வீடு திரும்பினாங்க. எங்கே போனீங்க என்று கேட்டால், "வேல இருந்துச்சு" என்று மட்டும் பதில். மினி பஸ்ஸிலும் நடந்தும் போய்விட்டு, காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவாங்க. உறவுக்காரர் யார் வீட்டிலாவது என்னைப் பற்றிக் குறை சொல்லிவிட்டு வருகிறாங்க என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வி.ஏ.ஓ.விடம் கடிதம் வாங்கியாச்சு. சாட்சிக்கு ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டரையும் என் அண்ணனையும் அழைத்துக்கொண்டு மறுபடி அலுவலகத்துக்குப் போனோம். நாங்க போய்ச் சேர்ந்தபோது வாசலில் இரண்டு வேன் நின்றிருந்தது. அதிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். புதுச் சட்டை, தலையில் கனகாம்பரம், கல்யாணத்துக்கு வந்த மாதிரியே. நீங்க ஹார்ன் அடித்துக் கூப்பிட்ட ஊர்க்காரர்கள் மாமா. அத்தை ஒவ்வொரு ஊராகப் போய், "எம் புள்ள கல்யாணத்துக்கு வந்தீங்கல்ல, அத வந்து ஆபீஸ்ல சொல்லுங்க" என்று அழைத்திருக்காங்க.

நான் அத்தையைப் பார்த்தேன். "இன்னா பாக்குற? உள்ள போ" என்றாங்க.

பதிவாளர் ஒரு அம்மா, சின்ன வயசுதான் இருக்கும். ஜன்னல் வழியே கூட்டத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே வந்துட்டாங்க. "ரெண்டு மூணு பேர் போதுங்க, இவ்ளோ பேர் எதுக்கு?" என்று கேட்டாங்க. அதற்குள் ஆளாளுக்குச் சாட்சி சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

"தாலி கட்டசொல்ல நல்ல மழம்மா. பந்தலு ஒரு பக்கம் சாஞ்சிடுச்சு, நான்தான் புடிச்சிக்கினு நின்னேன்."

"எனக்குக் கறியே வரல. கொழம்பு மட்டும்தான் ஊத்துனாங்க."

"உனக்கு ரெண்டு வாட்டி வெச்சேன், நான்தான் பரிமாறுனது. பொய் சொல்லாத, கவர்மெண்டு ஆபீசு."

நீங்க ஜீப்பில் வந்து ஹார்ன் அடித்துக் கூப்பிட்ட கதையையும் ஒருத்தர் சொன்னார். பதிவாளர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சாங்க. "இத்தன பேரையும் பத்திரிகையே இல்லாம கூப்பிட்டாரே, அந்த ஜீப்புக்காரரு எங்க?" என்று கேட்டாங்க.

அத்தைதான் சொன்னாங்க. "அவரு தவறிட்டாருங்க. இருந்திருந்தா உங்களையும் கூப்ட்டிருப்பாரு."

அந்த அம்மா உள்ளே போய் எங்களைக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. என் அண்ணன் கடையிலிருந்து இரண்டு மாலை வாங்கி வந்தான். வேணாம்டா என்றாலும் விடவில்லை. அலுவலக வாசலில் நாங்க மாலை மாற்றிக்கொண்டபோது கயல் கை தட்டியது. அப்பா அம்மா கல்யாணத்தைப் பார்க்கிற பாக்கியம் எத்தனை பிள்ளைக்குக் கிடைக்கும்? எல்லாருக்கும் பக்கத்து ஓட்டலில் சாப்பாடு போட்டோம். கறி வரவில்லை என்று குறைப்பட்டவர் இலையில் அத்தையே நின்று கறி வைத்தாங்க.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. சென்னைக்குப் போய் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தோம். விசா மையத்தில் விரல் ரேகை வைத்தோம். போட்டோ எடுக்கும்போது சிரிக்கக் கூடாது என்று கயலுக்கு அவர்கள் எவ்வளவு சொல்லியும் முடியவில்லை. சிரிக்காதே என்று சொன்னால் இன்னும் சிரிக்கிறது. உங்க பேத்திதானே.

விசா வந்த மின்னஞ்சலைப் பார்த்தபோது உங்க பிள்ளை புளியமரத்தின் மேலே இருந்தார். நான் கீழே நின்று கத்தினேன். "இரு, இந்தக் கிளைய மட்டும் உலுக்கிட்டு வர்றேன்" என்றார். சொன்னபடி உலுக்கினார், புளி முழுவதும் என் தலையில் கொட்டியது. இறங்கி வந்து போனை வாங்கிப் படித்தார். படித்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வேர்வை என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

நிலத்தைப் பற்றிக் கவலைப்படாதீங்க. உங்க மகளும் மருமகனும் நம்ம வீட்டுக்கே குடி வருகிறார்கள். ஜீப்பையும் அவர்தான் ஓட்டப்போகிறார். அத்தை தனியாக இருக்க மாட்டாங்க.

இன்னொரு சேதியும் இருக்கு. போன வாரம் அத்தை களி கிண்டிக்கொண்டே, "எனக்கும் ஒரு பாஸ்போட் எடுத்து வெச்சுட்டுப் போ. சும்மா கெடக்கட்டும்" என்றாங்க. இதை அடுப்பிடம் சொல்லவில்லை, என்னிடமே சொன்னாங்க. மறுநாளே விண்ணப்பம் போட்டு வேலூருக்குக் கூட்டிப் போனேன். அங்கே கவுண்டரில் இருந்த பையன் விவரம் சரிபார்க்க, "உங்க வீட்டுக்காரர் பேரு சொல்லுங்கம்மா" என்று கேட்டான்.

அத்தை என்னைப் பார்த்தாங்க. நான் சொல்ல வாயெடுத்தேன். அவங்கதான் சொல்லணும் என்றான் அந்தப் பையன். ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் இத்தனை வருஷமாக நாங்கதானே அவங்களுக்காகச் சொல்லியிருக்கிறோம்? அத்தை முந்தானையைச் சரி செய்துகொண்டாங்க. தொண்டையைச் செருமிக்கொண்டாங்க.

"வெள்ளையன்."

கேட்கலைம்மா என்றான் பையன். இந்தத் தடவை அந்த ஹால் முழுக்கக் கேட்டது. "வெள்ளையன். ஜீப்பு ஓட்டுன வெள்ளையன்."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அத்தை வெட்கப்பட்டுச் சிரிச்சாங்க. "பாவம், அந்த மனுசனுக்கு அங்க பொரையேறி இருக்கும்" என்றாங்க. ஏறியதா மாமா?

அத்தையை ஒரு தடவை அங்கே கூட்டிப் போவேன். கடல் காட்டுவேன், பனி காட்டுவேன், நான் வேலை பார்க்கிற வார்டையும் காட்டுவேன். அப்புறம் சாமை விதைப்பதற்குள் பத்திரமாகக் கொண்டு வந்து நம்ம வாசலில் விட்டுவிடுவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

போய்ட்டு வர்றேன் மாமா.

உங்க மருமக,
வெண்ணிலா