நேசம்மாள் கேஸ்

1924 ஜூன் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து வரும் வழியில் அண்ணன் ஜான்ரோஸ் என்னைக் கண்டதும் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டு போனான். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகவில்லை, அதற்குள் நான் வாதி, அவன் பிரதிவாதி. புதுக்கடைச் சந்தையில் இதுதான் பேச்சாம். பேசட்டும்.

அப்பா விட்டுப்போன தென்னை விளை இரண்டில் ஒன்று எனக்கு வேண்டும். எங்கள் சனத்தில் பெண்ணுக்கும் ஆணுக்கும் சரிபங்கு என்பது நான் பிறப்பதற்கு முன்பே உள்ள வழக்கம். ராஜபாய் அத்தை வீடு கட்டியிருப்பதே அப்படிக் கிடைத்த மண்ணில்தான். அண்ணனோ புதுச் சட்டத்தைக் காட்டுகிறான். சீதனம் வாங்கிப் போன மகளுக்குப் பங்கு கிடையாதாம். சரிபங்கு வழக்கம் உள்ள சனத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்பதுதான் என் வழக்கு.

சீதனமா? எனக்கா? கல்யாணத்தன்று என் கழுத்தில் கிடந்தது சித்தியிடம் வாங்கிய இரவல் சங்கிலி. மறுவாரமே கழற்றிக் கொடுத்தேன்.

1924 செப்டம்பர் 2

கோர்ட்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும், ஒரு வார்த்தை அதிகமாகக் கூடாது என்கிறார் என் வக்கீல் நாராயணபெருமாள். வாயால் பிழைக்கிற பள்ளிக்கூட வாத்திச்சியிடம் போய் இதைச் சொல்கிறார்.

1924 செப்டம்பர் 11

என் வாயே கெடுத்தது.

அண்ணனுடைய வக்கீல் சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். அந்த ஆள் தேனாகப் பேசினார். உங்கள் அப்பா உபதேசியார், இந்தப் பக்கத்தில் அவரைத் தெரியாதவர் இல்லை, அப்பேர்ப்பட்ட மனுஷர் பெற்ற மகளை வெறுங்கையோடா இறக்கி விட்டார் என்று கேட்டார். பின்னால் பெஞ்சில் எங்கள் சபையே உட்கார்ந்திருக்கிறது. என் மாமியார் வீட்டு ஆட்களும் இருக்கிறார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்க அப்பா கையும் கழுத்தும் நெறச்சுத்தான் அனுப்பினாரு" என்று சொல்லிவிட்டேன். தலையை நிமிர்த்தி வேறு சொன்னேன்.

அவ்வளவுதான். அவர் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். நாராயணபெருமாள் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் ரசலையன் வண்டியில் ஏறியதும் கேட்டார்: "ஏட்டி, சத்தியம் பண்ணிட்டு பொய்யா சொன்னே?"

பொய்தான். வேறு என்ன செய்ய? கல்லறையில் கிடக்கிற மனுஷனை அத்தனை பேர் முன்னால் கஞ்சன் ஆக்கவா? எவளாவது ஆக்குவாளா?

1927 மார்ச் 8

கீழ்க்கோர்ட்டுகளில் தோற்றதுபோல் திருவனந்தபுரத்துப் பெரிய கோர்ட்டிலும் தோற்றாயிற்று. அதற்கு மேல் கோர்ட்டு இல்லை.

எனக்குப் பங்கு இல்லை என்று மட்டும் எழுதியிருந்தால் பரவாயில்லை. சீதனம் வாங்கியதை இந்த ஸ்திரீயே ஒப்புக்கொள்கிறாள், ஆகையால் இந்தத் தாலுகாவில் இவளுடைய சனத்துக்குள் சரிபங்கு வழக்கம் இருப்பதாகச் சொல்ல முடியாது என்று எழுதியிருக்கிறார்கள். என் ஒரு பதிலை வைத்து எங்கள் சனத்துப் பெண்கள் எல்லாருக்கும் கதவை அடைத்தாயிற்று. இப்படியும் ஆகும் என்று எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் மட்டும் கேட்டிருப்பேனா?

1929 ஜனவரி 19

சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நிற்கிறேன். பக்கத்தில் ஒரு அக்காவும் தம்பியும் சண்டை. "போய் நேசம்மா கேஸப் பாரு" என்கிறான் தம்பி. அவள் வாயை மூடிக்கொண்டாள். நானும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

1929 ஆகஸ்ட் 6

கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு கைம்பெண் வீடு தேடி வந்தாள். தம்பிமாரின் வக்கீல் என் பெயரில் உள்ள தீர்ப்பை வாசித்துக்காட்ட, அவளுடைய வழக்கு அன்றே தள்ளுபடியாயிற்றாம். "நீ சும்ம இருந்திருந்தா எங்களுக்குப் பழைய வழக்கமாவது மிஞ்சியிருக்கும்" என்றாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் போய்விட்டாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

1933 அக்டோபர் 3

என்னிடம் படித்த ஜெபகுமாரி நாராயணபெருமாளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இவளுக்கும் தம்பியோடு பங்கு வழக்கு. பெரிய கோர்ட்டில் இன்னும் கூடுதல் ஜட்ஜிகள் சேர்ந்து உட்கார்ந்தால் தங்கள் பழைய தீர்ப்பையே மாற்றலாமாம். அதற்கு முதலில் கீழ்க்கோர்ட்டில் நான் வந்து உள்ளதைச் சொல்ல வேண்டும். அன்றைக்குச் சத்தியம் பண்ணிப் பொய் சொன்னேன் என்பதையும் சேர்த்துத்தான். அதற்குக் கேஸ் வருமா என்று கேட்டேன். வராது என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். நல்ல மனுஷர், மறைக்கவில்லை.

ரசலையன் போக வேண்டாம் என்கிறார். பயப்படுகிறார், பாவம். எனக்கும் பயம்தான்.

1933 நவம்பர் 21

போனேன். அண்ணனும் வந்திருந்தான். எதிர்த் தரப்புக்குச் சாட்சி.

அதே கேள்வி. வெறுங்கையோடா அனுப்பினார்? இந்தத் தடவை நான் பெஞ்சுப் பக்கம் பார்க்கவில்லை.

"ஆமா. எனக்க அப்பா ஒண்ணும் தரல்ல. எங்களுக்குள்ள அது கொறச்சலும் இல்ல. மகளுக்குப் பங்கு உண்டு, அதனாலதான் சீதனம் குடுக்கதில்ல. அண்ணைக்கு நாலுபேரு முன்னால கேட்டப்போ எனக்கு வெக்கமாப் போச்சு. பொய் சொல்லிட்டேன்."

சொல்லச் சொல்லத்தான் எனக்கே விளங்குகிறது. அப்பா என்னை வெறுங்கையோடு அனுப்பியதுதான் எங்கள் வழக்கத்துக்கு நல்ல சாட்சி. நான் அவர் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து அதைத்தான் அழித்தேன். மடச்சி! அப்பாவுக்கு அதில் என்ன மானக்கேடு இருந்தது?

அண்ணன் முறை வந்தது. இவள் சொல்வது உள்ளதா என்று ஜட்ஜியே கேட்டார். என் கழுத்தை ஒருமுறை பார்த்தான். பிறகு, "அந்தச் சங்கிலி எரவல்தான்" என்றான்.

1934 மே 14

என்மேல் கேஸ் ஒன்றும் வரவில்லை. ரசலையன் இப்போதுதான் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்.

1936 பிப்ரவரி 12

ஜெபகுமாரி மூச்சிரைக்க ஓடி வந்தாள். பெரிய கோர்ட்டில் வென்றுவிட்டாள். சரிபங்கு வழக்கம் உண்டு, பழைய தீர்ப்பு தவறு என்று எழுதிவிட்டார்கள். இனிமேல் எந்தப் பெண்ணிடமும் அதை வாசித்துக்காட்ட முடியாது. "ஒங்க கேஸு செத்துப்போச்சு டீச்சர்" என்று என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். தன் கேஸ் செத்ததற்குச் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

என் விளை திரும்பி வருமா என்று நாராயணபெருமாளிடம் ஆள் விட்டுக் கேட்டேன். எனக்கு மட்டும் அன்று தீர்ந்தது தீர்ந்ததுதானாம். இது என்ன நியாயம்? ஜெபகுமாரி முன்னால் காட்டிக்கொள்ளவில்லை, ஆனாலும் வலிக்கிறது.

1936 ஏப்ரல் 20

அண்ணன் வீட்டுக்கு வந்தான். வழக்குப் போட்ட நாள்முதல் இந்தப் படி ஏறாதவன். மகள் லீலாபாய்க்குக் கல்யாணம் உறைத்து நாளும் குறித்தாயிற்றாம், அழைக்க வந்தான். கருப்பட்டிக் காப்பி கொடுத்தேன். தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, லீலாபாய்க்கும் இனி பையன்மாரோடு சரிபங்கு உண்டா என்று கேட்டான். உண்டு என்றேன்.

"நல்லதுதான். அவளும் எனக்க பிள்ளதானே" என்றான்.

அப்பாவும் என்னைப் பற்றி அப்படித்தானே நினைத்திருப்பார், அண்ணா? நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. கல்யாணத்துக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அவன் போன பிறகு அழுதேன். பெரிய கோர்ட்டில் தோற்ற அன்றுகூட இப்படி அழவில்லை.