இருபத்திரண்டு வயர்கள்

தாழக்குடி,
14-3-1955

சௌபாக்கியவதி சண்முகவடிவுக்கு,

ஆசீர்வாதம். இங்கு சுகம். நாகம்மைக்கு வலி கண்டதும் தந்தி கொடுக்கவும். மகள் பிரசவத்துக்கென்று நீ மதுரைக்குப் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. ரசம் வைக்கப் பழகிவிட்டேன். புளி கூடுதலோ என்று ஒரு சந்தேகம்.

ஒரு காரியம் செய்துவிட்டேன். கோபப்படாதே. உன் தம்பி கோலப்பன் எஸ்டேட் ஏலத்தில் எடுத்த டிராக்டர் ஆறு மாதமாகக் கொட்டகையில் நிற்கிறதல்லவா? வயரையெல்லாம் எலி தின்றுவிட்டது. அஞ்சுகிராமத்துப் பழைய இரும்பு வியாபாரிக்குத் தள்ளிவிடப் போவதாகச் சொன்னான். "நான் பார்க்கிறேன்" என்று யாரோ சொன்னார்கள். திரும்பிப் பார்த்தால் கொட்டகையில் அவனையும் என்னையும் தவிர யாரும் இல்லை. சொன்னது நான்தான். கன்னிப்பூ நெல் விதைப்புக்கு உழவு தொடங்கும் சித்திரை ஒன்றுவரை தவணை கொடுத்திருக்கிறான்.

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் மின்சாரப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு வண்டியையும் தொட்டதில்லை. ஆகவே ஒவ்வொரு வயராகக் கழற்றி, காகிதத்தில் எண் எழுதிக் கட்டி, நோட்டில் படம் வரைந்துகொண்டேன். மொத்தம் இருபத்திரண்டு. ஒன்று மட்டும் இடிக்கிறது. பாட்டரியின் பிளஸ் முனை வண்டியின் இரும்பு உடம்போடு முடுக்கப்பட்டிருந்தது. என் புத்தகப் படத்தில் மைனஸ் முனைதான் உடம்போடு சேரும். முன்னால் பார்த்தவர் தவறிவிட்டார் போலும். நான் வரைந்த படத்தை அழித்துத் திருத்திவிட்டேன். திருத்தியது சரிதானா என்று இரண்டு நாளாக யோசனை.

அன்புடன்,
மாதேவன்

மதுரை,
20-3-1955

நாகம்மை அப்பாவுக்கு நமஸ்காரம்.

தந்தி கிடைத்திருக்கும். பெண் குழந்தை. மூக்கு உங்கள் மூக்கு, பாவம். தாயும் பிள்ளையும் நலம்.

கடிதத்தைப் படித்து மாப்பிள்ளைகூடச் சிரித்துவிட்டார். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற மனுஷன் நீங்கள். உங்களுக்கு எதற்கு டிராக்டர்? என் தம்பி வாயை நீங்கள் அறியாததா? ஏதாவது ஒன்று ஆகிப்போனால் போகிற கல்யாண வீடெல்லாம் சொல்லிச் சிரிப்பான். நான் பக்கத்தில் இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். தலைவலி என்று சொல்லி விட்டுவிடுங்கள். ரசத்துக்குப் புளி நெல்லிக்காய் அளவு போதும்.

இப்படிக்கு,
சண்முகவடிவு

தாழக்குடி,
2-4-1955

சண்முகவடிவுக்கு,

பேத்தியின் மூக்கைப் பற்றி வருத்தம்தான். வளர வளர மாறும் என்று சொல்கிறார்கள்.

தலைவலி என்று சொல்லவில்லை. நேற்று இருபத்திரண்டாவது புது வயரையும் மாட்டினேன். எஞ்சினை ஓட்டாமல் முன்விளக்கை மட்டும் போட்டுப் பார்த்தேன். விளக்கு எரிந்தால் பாட்டரி குறைய வேண்டும். அதைக் காட்டுகிற மீட்டரின் முள் இடது பக்கம் சாய வேண்டும். முள் வலது பக்கம் சாய்ந்தது. அதாவது, விளக்கு எரிய எரிய பாட்டரி நிறைகிறதாம்! உலகத்தில் இல்லாத அதிசயம். உடனே விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் விளங்கிற்று. முன்னால் பார்த்தவர் தவறவே இல்லை. இந்த வண்டியைச் செய்தவர்களே பிளஸ் முனையைத்தான் உடம்போடு சேர்த்திருக்கிறார்கள். நான் முதலில் வரைந்ததுதான் சரி. என்னை நம்பாமல் நானே அழித்துவிட்டேன்.

மாற்றலாம் என்று ஸ்பானரை எடுக்கும்போது கோலப்பன் வந்தான். கூடவே மார்த்தாண்டத்து மெக்கானிக் தேவகுமார்.

தேவகுமார் பார்த்துவிட்டு, "சாரே, இது சின்ன காரியமாக்கும். மீட்டருக்குப் பொறத்த உள்ள ரெண்டு வயரையும் இடம் மாத்திப் போட்டா முள்ளு நேராப் போவும். வண்டிய எடுக்கலாம்" என்றான்.

"வேண்டாம்" என்றேன்.

"அத்தான், அவன் தெனமும் நாலு லாரி பாக்கிறவனாக்கும். ஒங்க நோட்டுல உள்ளது அவனுக்குத் தெரியாதா?" என்றான் கோலப்பன்.

ஸ்பானரோடு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "முள் நேராகும் தம்பி, தப்பு உள்ளேயே கிடக்கும். எஞ்சின் ஓடினால் டைனமோ ஒரு பக்கம் தள்ளும், பாட்டரி எதிர்ப் பக்கம் தள்ளும். இரண்டில் ஒன்று எரிந்துபோகும். யாரும் தொட வேண்டாம்."

"நல்லதுக்குச் சொன்னா கேக்க மாட்டியளோ, அத்தான்? அக்காதான் காயிதம் போட்டா. அத்தானுக்கு இது ஒத்து வராது, அவரு மனசு நோகாம ஒரு ஆளை விட்டுப் பாத்துக்கோன்னு."

நான் பாட்டரியின் இரண்டு முனைகளையும் மாற்றி முடுக்கினேன். விளக்கைப் போட்டேன். முள் இடது பக்கம் போயிற்று. தேவகுமார் குனிந்து பார்த்தான். "சாரு சொன்னதாக்கும் சரி. நாம தொட்டிருந்தா இன்னைக்கிப் பொகைதான்" என்று கோலப்பனிடம் சொன்னான்.

நீ என் நன்மைக்குத்தான் எழுதினாய். அது தெரியும். என் தரப்பில் பேச நீ இருந்ததால் நானும் பேசாமலே இருந்துவிட்டேன். பாதிக் குற்றம் என்னுடையது. ஆனாலும் இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதைக் கோலப்பனுக்கு எழுத வேண்டாம். எனக்கே எழுது.

நாளைக் காலை எஞ்சினை எடுக்கிறோம். ஓடாவிட்டால் நானே அவனிடம் சொல்லிக்கொள்வேன்.

மாதேவன்

3-4-55, காலை ஒன்பது மணி. கடிதத்தைத் தபாலில் சேர்க்காமல் வைத்திருந்தேன். மூன்றாவது தடவையில் எஞ்சின் எடுத்தது. முள் வலது பக்கம் நின்றது, பாட்டரி நிறைகிறது. கோலப்பன் குளத்தங்கரை வயலில் உழுதுகொண்டிருக்கிறான். சத்தம் இங்கே கேட்கிறது. வலது விளக்கு சற்று மங்கல். நாளை பார்க்க வேண்டும்.

மதுரை,
11-4-1955

நாகம்மை அப்பாவுக்கு நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தை மாப்பிள்ளைக்குக் காட்டவில்லை. நாகம்மைக்கும் காட்டவில்லை. நான் மட்டும் இரண்டு தரம் படித்தேன். கோலப்பனுக்கு அப்படி எழுதியது தப்புதான். உங்களைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாதே என்று பயம். முதலில் சிரித்தது நான்தான் என்று இப்போது தெரிகிறது.

நேற்று கோலப்பன் கடிதம் வந்தது. அவன் சிநேகிதன் நெல் மில்லிலே மோட்டார் ஓடவில்லையாம். "அத்தான் வருவாரா? நீ ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு" என்று கேட்டிருக்கிறான். வருவார், வரமாட்டார் என்று எப்போதும் நான்தானே பதில் சொல்வேன்? பேனாவை எடுத்துவிட்டேன், பழக்கம். பிறகு ஒரே வரிதான் எழுதினேன்: "அதை அத்தானிடம் நீயே போய்க் கேள்."

இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைப்பதற்குள் வந்து கேட்டிருப்பான். என்ன சொன்னீர்கள்? எழுதுங்கள்.

சண்முகவடிவு