'நோயற்ற ஊர்' பலகையை எடுத்துவிட்டு நர்ஸைத் திருப்பித் தரக் கோரும் மனு

அனுப்புநர்
தையல்காரி,
மேட்டுத்தெரு கடைசி வீடு.

பெறுநர்
உயர்திரு சுகாதார அலுவலர் அவர்கள்,
மாவட்டச் சுகாதார அலுவலகம்.

பொருள்: எங்கள் ஊருக்குத் தாங்கள் வழங்கிய 'நோயற்ற ஊர்' சான்றிதழை ரத்து செய்து, இலவச மருந்தகத்தை மீண்டும் திறப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊரில் அறக்கட்டளை நடத்திவந்த இலவச மருந்தகம் பூட்டப்பட்டு இன்றோடு நாற்பத்து மூன்று நாள் ஆகிறது. அதன் வாசலில் தாங்கள் திறந்துவைத்த பலகை மட்டும் நல்ல ஆரோக்கியத்துடன் நிற்கிறது.

2. என் கணவர் கொத்தனார். சர்க்கரை நோயால் அவருடைய வலது பாதத்தில் புண். மருந்தகத்தில் இருந்த நர்ஸ் தங்கச்சி மூன்று நாளைக்கு ஒருமுறை கழுவிக் கட்டுப்போட்டதில் அது ஆறிக்கொண்டு வந்தது. இந்த வருடமே மறுபடி சாரம் ஏறிவிடலாம் என்று நம்பியிருந்தார்.

3. ஊரில் நோயாளிகளைக் கணக்கெடுக்கத் தங்கள் அலுவலகத்து ஆட்கள் வருவதை நான்கு நாள் முன்பே அறக்கட்டளை மேலாளர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். நன்கொடையாளர்களும் வருகிறார்கள், ஊர் மானத்தைக் காப்பாற்றுங்கள் என்றார். காப்பாற்றினோம். விருந்தாளி வருகிற வீட்டில் என்ன செய்வோமோ அதைச் செய்தோம். காய்ச்சல் பிள்ளைகள் பக்கத்து ஊர்ச் சித்தி வீட்டுக்குப் போனார்கள். 'இருமல் அண்ணன்' என்றே பெயர் வாங்கியவர் விடிந்ததும் வயலுக்குப் போய்விட்டார். நான் என் கணவரைப் பின்னறையில் படுக்கவைத்து, தைக்க வந்த புடவைகளைத் திரையாகக் கட்டி, புண் நாற்றம் தெரியாமல் சோப்பு போட்டுத் தரையைக் கழுவினேன். "வீட்ல யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள். "யாருக்கும் ஒண்ணும் இல்லைங்க" என்றேன். திரைக்குப் பின்னால் அவர் மூச்சுக்கூட விடவில்லை.

4. அந்தப் பொய்க்கு நான்தான் பொறுப்பு. ஆனால் நூற்றுப் பன்னிரண்டு வீடுகளை ஒரே காலையில், தேநீர் நேரம் உட்படப் பார்த்து முடித்தவர்கள், மருந்தக மேசையில் கிடந்த நர்ஸின் நோட்டைத் திறந்தார்களா? அதில் முப்பத்தேழு நோயாளிகளின் பெயர் இருந்தது. அதைப் புரட்டாமல் தாங்கள் எப்படிக் கையெழுத்துப் போட்டீர்கள்? கேட்கக் கூடாதென்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது ஐயா.

5. சான்றிதழ் வந்த ஒரே வாரத்தில் அறக்கட்டளையினர் மருந்தகத்தைப் பூட்டி, நர்ஸை வேறு ஊருக்கு மாற்றினார்கள். "அக்கா, கட்டு மாத்துறதை மட்டும் விட்டுடாதீங்க" என்று சொல்லி, அந்த நோட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். துணி வெட்டுகிற கையால் நானே மாற்றினேன். இரண்டு விரல்கள் கறுத்தன. இரண்டு பஸ் மாறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய், விரல்களை எடுத்தாயிற்று. "கட்டு ஒழுங்கா மாத்தலைன்னா பாதமும் போயிடும்மா" என்றார் டாக்டர். அறக்கட்டளை அலுவலகத்தில் போய் நின்றேன். "உங்க ஊர்லதான் நோயாளியே இல்லையேம்மா" என்று சான்றிதழைக் காட்டினார் மேலாளர். ஒலிபெருக்கி பிடித்த அதே ஆள்.

6. ஆகவே, சான்றிதழை ரத்து செய்து, இந்த வாரத்துக்குள் நர்ஸைத் திருப்பி அனுப்பக் கோருகிறேன். அதற்குமுன் தாங்கள் நேரில் வர வேண்டும். சொல்லாமல் வாருங்கள். இந்த முறை வீடு பெருக்கியிருக்காது. திரையை அவிழ்த்துப் புடவைகளை உரியவர்களிடம் கொடுத்துவிட்டேன். என் கணவரின் கட்டிலை முன்னறைக்கு இழுத்து, வாசலுக்குக் குறுக்கே போட்டிருக்கிறேன். தாங்கள் உள்ளே வர வேண்டுமானால் அவர் காலைத் தாண்டித்தான் வர வேண்டும்.

இணைப்பு: நர்ஸ் நோட்டின் நகல், முப்பத்தேழு பெயர்கள்.

இடம்: கட்டில் கிடக்கும் முன்னறை
நாள்: மருந்தகம் பூட்டிய நாற்பத்து மூன்றாம் நாள்

இப்படிக்கு,
அன்று பொய் சொன்ன தையல்காரி
(கையொப்பம்)