சம்பந்திக்கும் எனக்கும் ஒரே கட்டில்

ஆம்பூர்
6.3.2025

அன்பு மகன் பார்த்திபனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் பள்ளிகொண்டா பெருமாள் புண்ணியத்தில் இங்கே நன்றாக இருக்கிறோம், நீயும் சௌமியாவும் அந்த ஊர்க் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்ற நினைப்பில் இதை எழுதுகிறேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் அப்பாவுக்குத் திடீரென்று எதற்குக் காகிதமும் பேனாவும் என்று கேட்பாய். போனில் பேசும்போது உன் அம்மா என் தோளை ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள், அந்தப் பக்கம் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், நாலு காதில் விழுகிற மாதிரி நான் என்னத்தைப் பேசுவது. அதனால் அம்மா அனுப்புகிற பார்சலில் இட்லிப் பொடிக்கும் வேர்க்கடலைக்கும் நடுவே இதை அவளுக்குத் தெரியாமல் வைக்கப் போகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் நான்கு பேரும் சென்னைக்குப் போய் விசாவுக்குக் கைரேகை கொடுத்துவிட்டு வந்தோம். நாங்கள் ஏறிய ரயிலிலேயே உன் மாமனார் பரந்தாமனும் அத்தை தாயாரம்மாளும் குடியாத்தத்தில் ஏறிக்கொண்டார்கள். அம்மாவுக்கு ஒரே தடவையில் ரேகை விழுந்துவிட்டது, அதில் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. முப்பத்தொரு வருஷம் ஷூ கம்பெனியில் தோல் வெட்டிய என் விரலை நான்கு தடவை அழுத்திய பிறகுதான் அந்த மிஷின் ஒப்புக்கொண்டது. பேப்பர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள், மே மாதம் உன் முகத்தை நேரில் பார்த்துவிடுவோம் என்றுதான் நினைக்கிறேன்.

இனி அந்த ஹோட்டல் விஷயம். நீ நல்ல மனதோடுதான் செய்தாய், இல்லையென்று சொல்லவில்லை. எழும்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், சுத்தமான இடம், பாதி விலை ஆஃபரில் இரண்டு ரூம் போட்டிருக்கிறேன் என்றாய். நான்கு பேருக்கு இரண்டு ரூம், கணக்கு சரிதான். ஆனால் யாரோடு யார் படுப்பது என்பதை நீ அந்த ஊர் வழக்கப்படி யோசித்துவிட்டாய். நானும் உன் அம்மாவும் ஒரு ரூம், அவர்கள் இரண்டு பேரும் ஒரு ரூம் என்று ரூமுக்கு ஒரு பெரிய கட்டிலாகப் போட்டுவிட்டாய். சம்பந்தி வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, இந்த வயதில் நான் உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்துவேனா? கீழே சாவி கொடுத்த உடனே பெண்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் ஒரு சாவியை எடுத்துக்கொண்டு பையோடு கிளம்பிவிட்டார்கள். நானும் பரந்தாமனும் மற்ற ரூமைத் திறந்து பார்த்தால், நடுவில் ஒரே ஒரு கட்டில், ஒரே மெத்தை, மேலே இதயம் மாதிரி மடித்து வைத்த டவல்.

நான் சும்மா விடவில்லை. சில இடங்களில் இரண்டு கட்டிலை ஒட்டிப் போட்டு மேலே ஒரே விரிப்பு விரித்திருப்பார்கள் என்று மண்டி போட்டு அடியில் பார்த்தேன், ஒரே பலகைதான். கீழே போய்க் கேட்டேன். அங்கே இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள், சார் இது ஆன்லைன் ஆஃபர்ல போட்டது, தனித்தனிக் கட்டில் வேணும்னா ட்வின்னு பாத்துப் போட்டிருக்கணும், அப்படி எழுதிக் கேட்டிருந்தாலும் அது எங்களுக்கு வர்ற கோரிக்கைதான் சார், அன்னிக்கு ரூம் இருந்தாத்தான் குடுப்போம், இன்னிக்கு ஒரு கல்யாண கோஷ்டி வந்திருக்கு, தரையில போட எக்ஸ்ட்ரா மெத்தைகூட இல்ல என்றாள். அதனால் இனிமேல் யாருக்குப் போட்டாலும் விலையை மட்டும் பார்க்காதே, எத்தனை கட்டில் என்று படித்துப் பார், போட்ட அன்றைக்கே அந்த ஹோட்டலுக்கே போன் பண்ணிச் சொல்லி, சரி என்று சொன்னவர் பெயரையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்.

உன் கல்யாணத்தில் முதல் பந்திக்கு நம் ஆட்களை யாரும் கூப்பிடவில்லை என்று உன் பெரியப்பா முகத்தைத் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து, இந்த மூன்று வருஷமாக எனக்கும் பரந்தாமனுக்கும் வாங்க போங்க என்பதற்கு மேல் பேச்சு கிடையாது. அந்த மனுஷனோடு ஒரே கட்டில். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து, நீங்க படுங்க சம்பந்தி என்றேன், சேச்சே நீங்க படுங்க, ஜாஸ்தி தூரம் நடந்தீங்க என்றார். நான் நாற்காலியில், அவர் ஜன்னல் பக்கம் நின்றபடி, கட்டில் காலியாகக் கிடக்க அரை மணி நேரம் இப்படியே உபசாரம் நடந்தது. கடைசியில் முதுகு வலி ஜெயித்தது. நடுவில் ஒரு தலையணையை வைத்துவிட்டு, ஆளுக்கொரு ஓரமாக, புரண்டால் கீழே விழுகிற மாதிரி படுத்து இரண்டு பேரும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

படுத்தால் மனுஷனுக்குப் பேச்சு வந்துவிடுகிறது. தறிச் சத்தம் இல்லாத இடத்தில் எனக்குக் கண்ணே மூடாது சம்பந்தி என்று ஆரம்பித்தார். லுங்கி வியாபாரம், அவருடைய முட்டி வலி, சோளிங்கர் மலையில் பாதியில் உட்கார்ந்துவிட்டது எல்லாம் சொன்னார். பந்தி விஷயத்தையும் அவரே எடுத்து, என் மேல தப்புதான், மனசுல வச்சுக்காதீங்க என்றார். நல்ல மனுஷன், நான்தான் இத்தனை நாள் தெரிந்துகொள்ளவில்லை. அதற்கப்புறம் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். சிவப்புச் செங்கல் வீடு, நீலக் கதவு, வாசலில் சௌமியா கையில் சாவியோடு சிரிக்கிறாள், பக்கத்தில் நீ. நீங்க பாக்காததா, சாவி குடுத்த அன்னிக்கு எடுத்ததாம், நம்ம புள்ளங்க இனிமே அங்கதான்னு ஆயிட்டுது, நாமதான் வருஷத்துக்கு ஒருக்கா போய்ட்டு வந்துக்கினு இருக்கணும் என்றார்.

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆமா ஆமா பாத்தேன், நல்ல வீடு என்றேன். அவர் முன்னால் வேறு என்ன சொல்ல முடியும். என் மகன் வீடு வாங்கியதை என் சம்பந்தி சொல்லி நான் தெரிந்துகொண்டேன் என்று அவருக்குத் தெரிந்தால் உனக்குத்தானே கேவலம். அவர் நிம்மதியாகத் தூங்கிவிட்டார். நான் அந்த ஓரத்திலேயே அசையாமல் கிடந்தேன்.

பார்த்தி, கோபம் இல்லை என்று எழுதினால் பொய். மூன்று நாள் இருந்தது. ஐந்து வருஷம்தான்பா, அப்புறம் வந்துருவேன் என்று நீ சொல்லிவிட்டுப் போய் வருகிற ஆவணியோடு ஆறு வருஷம். அந்த வார்த்தையை நம்பித்தான் ரிடையரான கையோடு மாடியில் உங்களுக்கென்று ரூம் எழுப்பினேன், தரை போடுவதுதான் பாக்கி. கூட வேலை பார்த்த சர்தார் பாஷா இப்போதும் பார்க்கும்போதெல்லாம் பேட்டா எப்ப வர்றான் என்று கேட்கிறான், இந்த வருஷக் கடைசியில் என்று நானும் கூசாமல் சொல்லிக்கொண்டே இருந்தேன், நேற்று கேட்டபோது வாய் வரவில்லை. கோபம் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். வீடு வாங்கியது தப்பில்லை, என் மகன் கடல் தாண்டி ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரன் என்றால் எனக்கு நெஞ்சு நிமிராதா. சௌமியா அவள் அப்பாவிடம் சொன்னதும் தப்பில்லை, அந்தப் பெண்ணை இதற்காக ஒரு வார்த்தை கேட்டுவிடாதே. நீ என்னிடம் சொல்லவில்லை, அது ஒன்றுதான். அப்பா உடைந்துபோவார் என்று பயந்தாயா? உடைந்துதான் போனேன், ஆனால் உன் குரலில் கேட்டிருந்தால் அதில் பாதிதான் இருந்திருக்கும். உன்னைப் பார்க்காமல் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது பார்த்தி. இதைப் போனில் சொல்ல எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன். நீ எங்கே வேண்டுமானாலும் இரு, எப்போது வருகிறாய் என்று இனி நான் கேட்க மாட்டேன். ஆனால் எதுவாக இருந்தாலும் முதலில் எங்களுக்குச் சொல்.

இப்போது உன் அம்மா விஷயம். அவள் தாங்கமாட்டாள் என்று நான் இதுவரை வாயைத் திறக்கவில்லை. மே மாதம் அந்த நீலக் கதவின் முன்னால் நின்றுகொண்டு அவள் தெரிந்துகொள்ளக் கூடாது, அதனால் நீயே முன்னாடி சொல்லிவிட வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன். எழுதிக்கொண்டு வரும்போதுதான் ஒன்று உறைக்கிறது. மாடி ரூமுக்கு டைல்ஸ் பார்க்க வேலூர் போகலாம் வாங்க என்று பொங்கலிலிருந்து என்னைப் பேஜார் பண்ணிக்கொண்டிருந்தவள், சென்னையிலிருந்து வந்த பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நேற்று நானாகக் கேட்டதற்கும், இப்ப இன்னா அவசரம், வெய்யில் போகட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த ரூமிலும் ஒரே கட்டில்தானே. தாயாரம்மாளுக்கும் பேசாமல் படுக்கத் தெரியாது.

இந்த மாதம் 23ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நம் நேரம் நாலு மணிக்கு, உங்களுக்குப் பதினொன்றரை, அம்மாவின் போனுக்குக் கூப்பிடு. நான் சர்தார் பாஷா வீட்டுக்குப் போய்விடுகிறேன், நான் எதிரில் இருந்தால் அவள் அழக்கூட மாட்டாள். வீட்டைப் பற்றி நீயே உன் வாயால் சொல், அப்பாவுக்கும் தெரியும் என்று சேர்த்துச் சொல். ஒரே வீட்டுக்குள் அவள் அழுவாள் என்று நானும், நான் உடைந்துபோவேன் என்று அவளும், பத்து நாளாக ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துக்கொண்டிருக்கிறோம். நீ சொல்லிவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு தரம் அழுதுவிட்டு, உன்னைப் பார்க்கச் சந்தோஷமாகக் கிளம்பிவிடுவோம்.

நீயும் என் மருமகளும் அந்தப் புது வீட்டில் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி, மறக்காதே.

உன்னைத் தேடிக்கொண்டிருக்கும் அப்பா
பச்சையப்பன்