எழுத மறுத்த கணினி

முந்தல் இறால் பண்ணை அலுவலகத்தில் இன்று காலை கரண்ட் போய் வந்தது. கணினி மட்டும் எழும்பவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடி, பாதியில் நின்றன. பார்த்ததும் உன் ஞாபகம்தான் வந்தது, கூட்டாளி.

பிள்ளை பிறந்தபின் வேலைக்குத் திரும்பி இது இரண்டாவது கிழமை. மெனேஜர் வாசலில் நின்று, "தங்கச்சி, பின்னேரத்துக்குள்ள சரிவராட்டி கொழும்பு ஆளக் கூப்புடுறேன். பொறகு அவரே பாக்கட்டும்," என்றார். என் வேலை போகப்போகிறது என்று விளங்கியது.

பிழை எங்கே என்பதும் விளங்கியது. குளங்களின் பதிவுகளைப் பிரதி எடுக்க என் வீட்டு டிஸ்க்கைக் கொண்டுவந்து, கணினி எழும்பும்போதெல்லாம் அதைத் தேடிப் பொருத்தும்படி ஒரு வரி எழுதியிருந்தேன். பிள்ளையின் படங்கள் அதில் இருந்தன. தொலைந்துவிடுமோ என்று பயந்து மறுநாளே கழற்றிக்கொண்டு போனேன். வரியை அழிக்க மறந்துவிட்டேன். இரவுபகல் ஓடும் கணினி இன்றுதான் திரும்ப எழும்பியது; இல்லாத டிஸ்க்கைத் தேடித் தேடி நின்றுவிட்டது.

வரியை அழிக்கப் போனால், வாசிக்கலாம், எழுத முடியாது என்றது கணினி.

கம்பஸில் படிக்கும்போது முதன்முதல் இதே சிக்கலில் மாட்டியபோது, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாய்ப் போடுவோம் என்று நான் சீடியைத் தேடினேன். நீ என் கையைப் பிடித்தாய்.

"பைத்தியமா புள்ள? அது பழுதாகல்ல. இன்னும் பழுதாகிருமோன்டு பயந்து எழுத விடுதில்ல, உன்னப் போலதான். எழுதத் தா என்டு கேளு."

கேட்கும் விதத்தையும் தட்டிக் காட்டினாய். டெங்கு உன்னைக் கொண்டுபோய் மூன்று வருடம். இன்று அதையே தட்டினேன்:

mount -o remount,rw /

திரை ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் இருந்தால் சம்மதம் என்பாய் நீ. வரியை அழித்தேன்; சேமித்துக்கொண்டது. திரும்ப எழுப்பினேன். எழுத்துகள் நின்ற இடத்தைத் தாண்டி ஓடின. எட்டுக் குளங்களின் பதிவுகளும் ஒவ்வொன்றாய்த் திரையில் வந்தன.

"யார்ட பிழை?" என்றார் மெனேஜர்.

கரண்டைச் சொல்லித் தப்பியிருக்கலாம். கம்பஸ் ஆய்வுகூடத்துக் கணினிகள் அத்தனையையும் ஒருநாள் படுக்கவைத்துவிட்டு, எல்லோருக்கும் முன்னால் எழும்பி "நான்தான் சேர்" என்று நீ சொன்னது கண்ணில் நின்றது.

"என்டதான் சேர். என்ட டிஸ்க், நான் எழுதின வரி," என்றேன்.

மெனேஜர் குனிந்து திரையில் குளங்களை எண்ணினார். "கெடுத்ததும் நீங்க, திருத்தினதும் நீங்க. அப்ப கொழும்பு ஆளுக்கு இங்க என்ன வேல?" என்று சிரித்தார்.

பிள்ளை தூங்கியபின் இதை எழுதுகிறேன். அவளுடைய நெற்றியை இதற்குள் மூன்று தரம் தொட்டுப் பார்த்தாயிற்று; பயம் என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் பிழையை எழும்பி நின்று சொல்லும் வாய் உன்னிடமிருந்து வந்தது, அதுவும் போகவில்லை. நாளைக்கு எட்டரை மணிக்கு அந்தக் கணினிக்கு முன்னால் கதிரையில் நான்தான் இருப்பேன்.