நீலப் பெட்டிக்குப் போகாத அட்டைகள்

செப்டம்பர் 7, ஞாயிறு

காலையிலிருந்து மழை. நாலா என்கிற சாக்கடைக் கால்வாயில் தண்ணீர் வாசற்படிக்கு ஒரு சாண் கீழே. மருமகள் செல்வி குடையோடு கடைக்கு வந்து அட்டை கட்டினாள். நானும் கூடமாட.

கடை தலைநகரில், ஜனக்புரியில். நம் ஊர்ச் சாமான் மட்டும். ஒன்பது வருடமாக எனக்கு அங்கே மூட்டை அடுக்கும் வேலை. முதலாளி திருநெல்வேலிக்காரர்.

செல்வி எம்.பி.ஏ. படிக்கிறாள். சப்ளை செயின். சரக்கு எங்கே கிளம்பி எந்த அடுப்பில் முடிகிறதோ, அந்த வழி முழுக்கப் பாடம். வாரம் முழுவதும் கம்பெனி வேலை, சனிக்கிழமை வகுப்பு. கடைசி ப்ராஜெக்டுக்கு எங்கள் கடையை எடுத்திருக்கிறாள். ஒரு மாதம்.

வழி இது. ஒவ்வொரு சரக்கின் அடுக்கிலும் ஒரு இடத்தில், ஆணியில் அட்டை. அதுவரை விற்றால் அட்டையை அவிழ்த்து, கல்லாப் பக்கம் நீலப் பெட்டியில் போட வேண்டும். மாலை முதலாளி பெட்டியைத் திறந்து சென்னைக்குப் போன். ஆறு நாளில் ரயிலில் சரக்கு. அட்டைக்குக் கீழே எட்டு நாள் சரக்கு இருக்கும். இரண்டு நாள் கைவசம்.

அட்டை இருபத்திரண்டு. எல்லாம் தமிழில், பெரிய எழுத்தில்.

"உங்களுக்காகத்தான் மாமா கையால எழுதினேன். இங்கிலீஷ்ல அடிச்சா பத்து நிமிஷ வேலை."

இருபத்திரண்டையும் உரக்க வாசித்தேன். முதலாளி கல்லாவிலிருந்து கைதட்டினார். கிண்டல்தான். பரவாயில்லை. போன வருடம் இதே மழையில் எனக்கு என் பெயர் எழுத வராது. கோயில் ஹாலில் ஞாயிறு வகுப்பு, எல்லாம் அங்கே வந்ததுதான்.

செப். 11, வியாழன்

புழுக்கம். மின்விசிறி சத்தம் மட்டும் போடுகிறது.

விற்றது: அப்பளம் 5 கட்டு, இட்லி அரிசி 3 மூட்டை, நல்லெண்ணெய் 4, மோர்மிளகாய் 6.

எண் எனக்கு முன்பே தெரியும், லாரியில் ஏற்றிய நாளிலிருந்து. எழுத்துதான் புதிது.

அப்பள அட்டை வந்துவிட்டது. அவிழ்த்தேன். செல்வியின் 'ள' நல்ல சுழி. என்னுடையது கால் ஒடிந்த நாற்காலி. பார்த்து எழுதிப் பழக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு பக்கம் முழுக்க அப்பளம், அப்பளம். மகன் எட்டிப் பார்த்துவிட்டு, பசிக்குதாப்பா என்றான்.

ஆணியில் அட்டை இல்லாவிட்டால் முதலாளிக்குத் தெரியாதா. தெரியும்.

செப். 13, சனி

வெயில். பல்வலி தேவலை.

விற்றது: குண்டு மஞ்சள் 9, அப்பளம் 5, காப்பித்தூள் 7.

இன்று குண்டு மஞ்சள் அட்டை. அதுவும் நோட்டுக்குள். 'ஞ்ச' எழுத ஒரு மணி நேரம். கை வலி. ஆனாலும் எழுந்திருக்க மனசில்லை.

கடையில் ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம்: "எங்க பொண்ணுக்குத் தமிழ் படிக்க வராது. ஜல்தி ஜல்தின்னு என்னை அதட்ட மட்டும் நன்னா வரும்."

செப். 18, வியாழன்

காற்றில் லேசாகக் குளிர்ச்சி. நல்லெண்ணெய் அட்டை. இதுவரை இதுதான் கஷ்டமான சொல். நாலாவது தடவை சரியாக வந்தது. எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். சரியாகவே இருந்தது.

மாலை ஒரே மேஜை. அந்தப் பக்கம் செல்வி, லேப்டாப். இந்தப் பக்கம் நான், நோட்டு. மகன் டீ வைத்துவிட்டு, ரெண்டு ஸ்டூடண்டுக்கும் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டான். இப்படி ஒரு மாலை எனக்கு வரும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

செப். 20, சனி

எழுதவே கை வரவில்லை. எழுதுகிறேன்.

அப்பளம் நேற்றே தீர்ந்தது. மஞ்சள் இன்று மதியம். திங்கள்கிழமை நவராத்திரி. பேங்க்கில் வேலை பார்க்கும் அம்மா மஞ்சள் கேட்டார். இல்லை என்றதும், தொங்கிய அட்டைகளைப் பார்த்தார். "வெத்தலை பாக்கோட மஞ்சளுக்குப் பதிலா இதையே வெச்சுக் குடுக்கட்டுமா?"

முதலாளிக்கு முகம் செத்துவிட்டது. "உம்ம மருமவ படிப்பு நம்ம கடையக் காலி பண்ணிரும் போலிருக்கே, பெரியவரே." திங்கள்கிழமை அட்டையெல்லாம் கழற்றிவிடுவாராம்.

வகுப்பு முடிந்து செல்வி வந்தாள். பெட்டியில் பார்த்தாள். அடுக்குக்குப் பின்னால், மூட்டைக்குக் கீழே. மூன்று ஆணி காலி, அட்டை எங்குமில்லை. போன் பண்ண மறந்துவிட்டீர்களா என்று முதலாளியைக் கேட்டாள். பெட்டிக்கு வரவே இல்லை என்றார். இரண்டு பேர் குரலும் ஏறியது.

நான் அங்கேதான் நின்றேன். அடுக்கிய மூட்டையையே மறுபடி அடுக்கினேன்.

மாதம் முடியும் முன் அட்டையைக் கழற்றினால் கணக்கு பாதியில் நிற்கும். காலேஜ் சார் ப்ராஜெக்டை ஏற்க மாட்டார். இன்னும் ஆறு மாதம் படிக்க வேண்டும். மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சாப்பிடவில்லை.

மூன்று அட்டையும் இந்த நோட்டின் கடைசி மட்டைக்குள். இப்போதும் இங்கேதான்.

செப். 21, ஞாயிறு

நல்ல வெயில். சீக்கிரம் கடைக்குப் போனேன். சாவி என்னிடம் ஒன்று உண்டு. மூன்றையும் அரிசி மூட்டைக்குப் பின்னால் போட்டுவிட்டால் போதும். விழுந்து கிடந்தது என்றால் யார் கேட்பார்கள்.

குனிந்தேன். கையில் மேலே இருந்தது நல்லெண்ணெய். வாசித்துவிட்டேன். வாசித்த பிறகு போட முடியவில்லை. எனக்காக எழுதியது.

வீட்டுக்கு வந்து நோட்டைச் செல்வி முன் வைத்தேன். அட்டை மூன்றையும் மேலே. அவள் வாசிக்க நேரமாயிற்று, என் எழுத்து அப்படி. எதிரே நின்றேன். பதினொன்றாம் தேதிக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

"இந்தத் தேதியெல்லாம் சரியா மாமா?"

"அன்னன்னிக்கே எழுதினதும்மா."

பென்சில் எடுத்தாள். அப்பளம் பதினொன்றில் பெட்டிக்குப் போயிருந்தால் பதினேழில் சரக்கு. தீர்ந்தது பத்தொன்பது. மஞ்சளும் அப்படியே, பத்தொன்பதில் வந்திருக்கும். தினம் விற்றதையும் நோட்டிலிருந்தே எடுத்துக்கொண்டாள்.

"என் வழி சரியாத்தான் போகுது. நடுவுல நீங்கதான் நின்னுட்டீங்க." சிரித்தாள். கண்ணைத் துடைத்தாள். பிறகு, "நேத்து ஏன் சொல்லலை?"

அட்டை மூன்றையும் எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன். 

இரண்டு பேருமாகக் கடைக்குப் போனோம். வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் காதில் வாங்காமல் நோட்டைப் புரட்டினார். "ஒரு பக்கம் முழுக்க அப்பளம் கெடக்குவே. கிழிச்சுக் குடும், அந்த பேங்க் அம்மாகிட்ட வித்திருவோம்."

அட்டை மாதம் முடியும் வரை இருக்கலாம். அவரே சொன்னார். மூன்றையும் பெட்டியில் போட்டேன். அவர் உடனே திறந்தார்.

இரவு மகன் செய்த குழம்பில் உப்பு அதிகம். செல்வி இரண்டு தடவை ஊற்றிக்கொண்டாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

இதமான வெயில். மாதம் முடிந்தது. நல்லெண்ணெய் ஒரு நாள் இல்லாமல் போனது, அதுவும் என்னால். அதற்குப் பிறகு எதுவும் தீரவில்லை.

அட்டையை இப்போது செல்வி இரட்டையாக்கிவிட்டாள். ஒரே நூலில் இரண்டு. ஒன்று பெட்டிக்கு, ஒன்று எனக்கு. வேலை செய்கிறவரை மாற்றுவதைவிட அட்டையை மாற்றுவது சுலபம் என்று ப்ராஜெக்டில் எழுதியிருக்கிறாள். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னாள்.

அதில் என் பெயரைப் போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்துப் போய், போடு என்றேன்.

நவம்பர் 8, சனி

புகைமூட்டம். தொண்டைக் கரகரப்பு. கோயிலுக்குப் போகவில்லை.

செல்விக்கு வைவா, சார் முன்னால் வாய்மொழித் தேர்வு. என் நோட்டையும் எடுத்துப் போனாள். திருப்பித் தரும் வரை கை சும்மா இருந்தது. பழைய காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்.

சாருக்குத் தமிழ் தெரியாது. தேதியையும் எண்ணையும் விரல் வைத்துப் பார்த்தாராம். "அச்சா, பாபுஜி கா டேட்டா" என்றாராம், நல்லது, பெரியவர் எழுதிய கணக்கா என்று. பாஸ். 'பி' கிரேடு. 'ஏ' வரும் என்று நினைத்திருந்தாள். ஐந்து நிமிட வருத்தம், பிறகு ஜிலேபி.

நோட்டு திரும்பி வந்தது. உள்ளே நூலில் கட்டிய இரட்டை அட்டை, கடைசியிலிருந்து ஐந்தாவது பக்கத்தில். எழுதி அந்தப் பக்கம் வரும்வரை திறக்கக்கூடாது என்றாள்.

நவ. 16, ஞாயிறு

குளிர். ஸ்வெட்டர் எடுத்தாயிற்று. விற்றது: இட்லி அரிசி 4, மோர்மிளகாய் 3.

இதுதான் ஐந்தாவது பக்கம். அட்டையில்: நோட்டு. வேண்டியது 2. வரும் நாள் 1.

அவிழ்த்தேன். ஒன்று சட்டைப் பையில். இன்னொன்றை நேரே நீலப் பெட்டியில் போட்டேன். முதலாளி பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாளை வரை எழுத்தைச் சின்னதாக்க வேண்டியதில்லை. ஐந்து பக்கம் கைவசம்.